பெயரும் உடலும் ஆட்சியும்: கம்பியில்லா அணுகுபுள்ளிகளின் வரலாறு



நியாலாஸ் வட்டாரத்து ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் கூடியுள்ள இவ்வவையில், வழக்கமான இலக்கண இலக்கியப் பொருளை விடுத்து, பள்ளிச் சுவர்களில் வெண்ணிறப் பெட்டிகளாகத் தொங்கும் ஒரு கருவியைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். அதனை ‘அணுகுபுள்ளி’ என்கிறோம். கைப்பேசியும் மடிக்கணினியும் கம்பியின்றி இணையத்தை அணுகும் இடம் அதுவே.

அண்மையில் தோட்டப்புறப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் நம்மிடம் ஒரு செய்தி கூறினார். வகுப்பில் இணைப்பு அற்றுப்போயிற்று. பெட்டியின் விளக்கோ எரிந்துகொண்டிருந்தது. எங்கோ உள்ள உதவி மையத்தை அழைத்தார். ஒரு பதிவெண் கிடைத்தது. “பெட்டி நம் சுவரில் இருக்கிறது ஐயா. அதை ஆள்பவர் யார், எங்கே இருக்கிறார் என்றுதான் தெரியவில்லை” என்றார். அவர் கேட்ட கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. பெயர் உடலை விட்டும், ஆட்சி இடத்தை விட்டும் பிரிந்த அவ்வரலாற்றை முறையாகக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

1. கம்பி நீங்கிய கதை

‘தந்தி’ என்னும் சொல் முதலில் இசைக்கருவியின் நரம்பைக் குறித்தது. மின்கம்பி வழியாகச் செய்தி அனுப்பும் முறை தோன்றியபின், அச்செய்திக்கே அது ஆகுபெயராயிற்று. பின்னர்க் கம்பியும் நீங்கியபோது நம் முன்னோர் ‘கம்பியில்லாத் தந்தி’ என்றனர். நரம்பு இல்லாத நரம்பு என்பதே அதன் சொற்பொருள். பழைய பொருளை உதிர்த்துவிட்டுச் சொல் மட்டும் முன்னே சென்றதற்கு இது நல்ல சான்று.

கணினிகளைக் கம்பியின்றி இணைத்த முன்னோடி முயற்சி, தீவுக் கூட்டமான ஹவாயில் நிகழ்ந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழு, 1971இல் ‘அலோஹாநெட்’ என்னும் வானொலி வலையமைப்பை இயக்கத் தொடங்கியது. கடல் பிரித்த இடங்களுக்குக் கம்பி இழுப்பதைவிட அலைவழி அனுப்புவது எளிதாக இருந்தது. பலரும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டனர். இருவர் ஒரே வேளையில் பேசி மோதினால், சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பினர். இன்றைய கம்பியில்லா வலையமைப்பிலும் அடிப்படை ஒழுங்கு இதுவே. காற்று பொதுச்சொத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருக்க வேண்டும்.

1985இல் அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம், சில அலைவரிசைப் பகுதிகளைத் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்த இசைவளித்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி அவற்றுள் ஒன்று. 1990 முதல் விக் ஹேய்ஸ் என்பவரின் தலைமையில் பொறியாளர் குழுவொன்று பொதுத்தரம் வகுக்கும் பணியில் ஈடுபட்டது. அதன் பயனாக 1997இல் ‘802.11’ என்னும் தரம் வெளிவந்தது. அதன் வேகம் நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட். 1999இல் அது 11 மெகாபிட்டாக உயர்ந்தது. அதே ஆண்டில் ‘வைஃபை’ என்னும் வணிகப் பெயரும் பிறந்தது. அப்பெயரை ஒரு நீண்ட தொடரின் சுருக்கம் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது ஒரு பெயர்சூட்டும் நிறுவனம் ஓசைநயம் கருதிப் படைத்த சொல். தமிழில் இதற்கு ‘அருகலை’ என்னும் அழகிய ஆக்கம் வழங்குகிறது. அருகில் மட்டும் பரவும் அலை என்று அது கருவியின் இயல்பையே கூறிவிடுகிறது.

2. திரிசொல்லின் இரு வகை

தொடக்கத்தில் ஒவ்வோர் அணுகுபுள்ளியும் தனியரசாக இருந்தது. அதன் பெயர், கடவுச்சொல், அலைவரிசை, ஆற்றல் ஆகிய அனைத்தும் அப்பெட்டிக்குள்ளேயே எழுதப்பட்டன. மூன்று பெட்டிகள் உள்ள பள்ளியில் ஒருவர் நாற்காலி போட்டு ஏறி, ஒவ்வொன்றாகத் திருத்திவிடலாம். முந்நூறு பெட்டிகள் உள்ள பல்கலைக்கழகத்தில் அது இயலாது. இந்த இடர்ப்பாட்டிலிருந்தே நாம் கூறவந்த வரலாறு தொடங்குகிறது.

தொல்காப்பியர் எச்சவியலில் திரிசொல்லை இரு வகையாகக் காட்டுவதை மாணவர் அறிவர். ஒரு பொருளைக் குறிக்கும் வேறு வேறு சொற்கள் ஒரு வகை. வேறு வேறு பொருள்களைக் குறிக்கும் ஒரே சொல் மற்றொரு வகை. அணுகுபுள்ளிகளின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இவ்விரு வகையும் நமக்குப் போதும்.

முதலில் இரண்டாம் வகையைக் காண்போம். பள்ளியின் மூன்று கட்டடங்களில் மூன்று பெட்டிகள் இருப்பினும், மூன்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டலாம். மாணவன் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு நடந்தால், அவனுடைய கருவி அதே பெயரைக் கண்டு அடுத்த பெட்டிக்கு மாறிக்கொள்கிறது. பல உடலுக்கு ஒரு பெயர் என்னும் இவ்வமைப்பு 1997ஆம் ஆண்டுத் தரத்திலேயே இடம்பெற்றிருந்தது. இதன் மிக விரிந்த வடிவம், 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கல்வி வலையமைப்புகள் தோற்றுவித்த ‘எடுரோம்’. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் பல்கலைக்கழகங்களில் அந்த ஒரே பெயர் ஒலிக்கிறது. மலேசிய மாணவர் ஒருவர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நுழைந்து அப்பெயருடன் இணைந்தால், அவர் யார் என்னும் வினா அவருடைய தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டு, விடை திரும்பி வருகிறது.

இனி முதல் வகை. 2000களின் தொடக்க ஆண்டுகளில், ஒரே பெட்டி பல பெயர்களை ஒலிக்கும் முறை பரவியது. ஆசிரியருக்கு ஒரு பெயர், மாணவருக்கு ஒரு பெயர், விருந்தினருக்கு ஒரு பெயர். கைப்பேசியின் திரையில் மூன்று அணுகுபுள்ளிகள் தோன்றும். சுவரில் இருப்பதோ ஒன்றுதான். ஒவ்வொரு பெயருக்கும் தனி அடையாள எண்ணும், தனிக் கடவுச்சொல்லும், தனி விதிகளும் உண்டு. உள்ளே செல்லும் கம்பியிலும், 1998இல் தரப்படுத்தப்பட்ட பிரிவு முறைப்படி மூன்று போக்குவரத்தும் கலவாமல் செல்லும். இவற்றையே மெய்நிகர் அணுகுபுள்ளிகள் என்கிறோம்.

‘மெய்நிகர்’ என்னும் சொல்லைப் பற்றி மொழியியலார் என்ற முறையில் ஒரு கருத்தைக் கூற வேண்டும். மெய்யை ஒத்தது என்பது அதன் நேர்ப்பொருள். மலாய் மொழியில் இதற்கு வழங்கும் ‘மாயா’ வடமொழியிலிருந்து வந்தது. தோற்றம், மயக்கம் என்னும் பொருள்சாயல் உடையது. ஆங்கிலச் சொல்லின் வேரோ, ஆற்றலைக் குறிக்கும் இலத்தீன் சொல். பொறியியலார் கருதும் பொருள் இம்மூன்றனுள் கடைசியதற்கே அணுக்கமானது. உருவால் தனியாக இல்லை. ஆயினும் வினையால் தனியாக உள்ளது. 1972இல் ஐ.பி.எம். நிறுவனம் ஒரு பெருங்கணினியைப் பல கணினிகளாகப் பகுத்து வழங்கும் மென்பொருளை வெளியிட்டபோதும் பொருள் இதுவே. எனவே மாணவர்க்கு ‘மெய்நிகர்’ என்று கற்பிக்கும்போது, அது பொய்த்தோற்றம் அன்று, வினையால் மெய்யானது என்றும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.

பெயர் உடலிலிருந்து பிரிந்ததால் ஒரு தீங்கும் வந்தது. யாரும் எப்பெயரையும் ஒலிக்கலாம் என்பதால், பள்ளியின் பெயரிலேயே ஒரு போலிப் பெட்டியை வைத்துப் பிறர் கடவுச்சொல்லைக் கவர்வார் உளர். திரையில் தெரியும் பெயர் ஒன்றே சான்றாகாது என்பதை மாணவர் நெஞ்சில் கொள்ள வேண்டும்.

3. பெயருக்கு உரிய விலை

தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களை அழைத்துப் பேர் பதிந்ததை நம் மூத்தோர் அறிவர். அணுகுபுள்ளியும் இடைவிடாமல் அவ்வாறு அழைக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை, “இங்கே இருக்கிறேன்” என்னும் அறிவிப்பை அது வெளியிடுகிறது. தொலைவில் உள்ள பழைய கருவிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக, அறிவிப்பு மிகக் குறைந்த வேகத்திலேயே செல்லும்.

மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அறிவிப்பு 250 பைட் எனக் கொள்வோம். அது 2000 பிட். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அதற்கு 2 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 10 முறை என்றால் 20 மில்லிநொடி, அதாவது மொத்த நேரத்தில் 2 விழுக்காடு. ஒரு பெட்டி ஐந்து பெயர்களைக் கூவினால் 10 விழுக்காடு. ஒரே அலைவரிசையில் அருகருகே மூன்று பெட்டிகள் அவ்வாறு கூவினால் 30 விழுக்காடு. பாடம் தொடங்குமுன்னரே காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பேர் கூறுவதிலேயே கழிந்துவிடுகிறது. அதனால்தான் வல்லுநர்கள், மூன்று அல்லது நான்கு பெயருக்கு மேல் வேண்டா என்று அறிவுறுத்துகின்றனர்.

பெயரைப் பற்றி நமக்கே உரிய செய்தி ஒன்றும் உண்டு. தரத்தின்படி அணுகுபுள்ளியின் பெயர் 32 பைட்டுக்கு மேற்படக் கூடாது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட் இடம் கொள்ளும். ஒருங்குறியின் வழக்கமான குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். உயிர்மெய்யின் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். ‘தமிழ்ப்பள்ளி’ என்னும் சொல் நம் இலக்கணப்படி 7 எழுத்து. ஒருங்குறிப்படி 12 குறி. பைட் கணக்கில் 36. ஆகவே ‘தமிழ்ப்பள்ளி’ என்னும் பெயர் அணுகுபுள்ளியின் பெயர்க்கூட்டுக்குள் அடங்காது. ‘நியாலாஸ்’ 24 பைட்டில் அடங்கிவிடும். 1997இல் இவ்வரம்பை வகுத்தோர் தமிழை விலக்க எண்ணியவர் அல்லர். அவர்கள் அவையில் நம் எழுத்தைப் பற்றிய நினைவு எழவில்லை, அவ்வளவே. 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், பெயர் ஒருங்குறிக் குறியாக்கத்தில் உள்ளது என்று அறிவிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. 32 என்னும் எல்லை அப்படியே உள்ளது.

4. ஆட்சி இடம் மாறுதல்

2001, 2002ஆம் ஆண்டுகளில் ஏர்ஸ்பேஸ், அரூபா முதலிய புதிய நிறுவனங்கள் அமெரிக்காவில் தோன்றின. அவை கூறிய தீர்வு எளிமையானது. பெட்டியிலிருந்து அறிவைப் பிரித்து, ‘கட்டுப்படுத்தி’ என்னும் ஒரே இயந்திரத்தில் வைக்க வேண்டும். சுவரில் தொங்குவது அலையை ஏற்று விடுப்பதோடு நிற்கட்டும். முன்னையதைத் தடித்த பெட்டி என்றும், பின்னையதை மெலிந்த பெட்டி என்றும் அத்துறையினர் கூறினர். மெலிந்த பெட்டி விழித்தவுடன் கட்டுப்படுத்தியைத் தேடும். தன் பெயர் என்ன, எந்த அலைவரிசை, எவ்வளவு ஆற்றல் என்று கேட்டுப் பெறும். 2005இல் ஏர்ஸ்பேஸ் நிறுவனத்தைச் சிஸ்கோ வாங்கியது. அதே ஆண்டில் இணையப் பொறியியல் பணிக்குழு, அன்றிருந்த அமைப்புகளைத் தனியாட்சி, நடுவண் ஆட்சி, பரவல் ஆட்சி என மூன்றாக வகைப்படுத்தியது. 2009இல் பெட்டிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையிலான பொதுமொழி ‘கேப்வேப்’ என்னும் பெயரில் வெளிவந்தது.

அடுத்த படியில் கட்டுப்படுத்தியும் உருவை இழந்தது. தனி இயந்திரமாக இருந்தது, பொதுக் கணினியில் ஓடும் மென்பொருளாக மாறியது. 2006இல் தொடங்கப்பட்ட மெராக்கி நிறுவனம், கட்டுப்பாட்டை வாடிக்கையாளரின் கட்டடத்தில் வையாமல் தன் தொலைதூரக் கணினிகளிலேயே வைத்தது. ‘முகில்’ என்று நாம் வழங்குவது இதனையே. 2012இல் பெர்லின் ஆய்வாளர்கள் ‘ஓடின்’ என்னும் ஆய்வமைப்பில் இன்னும் ஒரு படி சென்றனர். அதில் ஒவ்வொரு பயனருக்கும் தனியே ஒரு மெய்நிகர் அணுகுபுள்ளி உண்டு. அவர் நடந்தால், நிழல்போல் அதுவும் அடுத்த பெட்டிக்கு உடன் நகரும். கருவிக்கோ தான் மாறியதே தெரியாது.

இவ்வாட்சி மாற்றம் மலாக்கா மண்ணுக்கு அயலானது அன்று. 1896இல் டான் சாய் யான், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் நியாலாசுக்கு அண்மையில் உள்ள புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. தொடக்கத்தில் தோட்ட உரிமையாளரே அதனை நடத்தும் நிலை பல இடங்களில் இருந்தது. விரைவில் முகவர் நிறுவனங்கள் தோன்றின. 1910இல் மலாக்காவில் நிறுவப்பட்ட சைம் டார்பி அவற்றுள் ஒன்று. முகவர் நிறுவனம் பல தோட்டங்களின் கணக்கு, கொள்முதல், விற்பனை, மேலாளர் நியமனம் ஆகியவற்றை ஓரிடத்திலிருந்து நடத்தியது. மரம் இங்கே நின்றது. பால் இங்கே வடிந்தது. முடிவு வேறிடத்தில் எடுக்கப்பட்டது. அதனால் ஒழுங்கும் சிக்கனமும் விளைந்தன என்பதை வரலாறு மறுக்காது. ஆனால் தொழிலாளி தன் குறையைக் கங்காணியிடமும், கிராணியிடமும், துரையிடமும் கூறியும், முடிவெடுப்பவரின் செவிக்கு அது எட்டாதிருந்ததையும் நம் குடும்பங்கள் மறவா. உதவி மையத்தில் பதிவெண் பெற்ற ஆசிரியரின் நிலையை இதனோடு முழுதும் ஒப்பிடுதல் மிகையாகும். ஆயினும் கருவி ஓரிடத்திலும் ஆட்சி வேறிடத்திலும் இருக்கும் அமைப்பில் எழும் வினா இரண்டிலும் ஒன்றே.

5. நகர்த்த இயலாதது

எல்லாவற்றையும் தொலைவுக்குக் கொண்டுசெல்ல இயலுமா என்றால், இயலாது. இயற்கையே அதற்குத் தடை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு செய்தி வந்தடைந்ததும், 10 மைக்ரோநொடி இடைவெளியில் “பெற்றேன்” என்னும் ஒப்புகை புறப்பட வேண்டும். இன்றேல் அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். அந்த 10 மைக்ரோநொடியில் ஒளிகூட 3 கிலோமீட்டரே செல்லும். கோலாலம்பூரிலோ அமெரிக்காவிலோ உள்ள கட்டுப்படுத்தியைக் கேட்டு ஒப்புகை அனுப்ப வழியே இல்லை. எனவே நடுவண் ஆட்சியிலும் பணி இரண்டாகப் பகுக்கப்பட்டது. ஒப்புகையும் அறிவிப்பும் பெட்டியிடமே நின்றன. யாரைச் சேர்ப்பது, எந்த விதியை வகுப்பது என்பன மட்டுமே நடுவணிடம் சென்றன. சில பணிகளை இருந்த இடத்திலேயே செய்தாக வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் ஒப்புக்கொண்ட அமைப்பு அது.

மனிதரிடத்தும் அத்தகைய பணி உண்டு என்பதைத் தமிழ்நாட்டுத் தேனி காட்டியது. அரவிந்த் கண் மருத்துவமனை, 2000களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றுப்புறச் சிற்றூர்களின் கண் சிகிச்சை மையங்களோடு நெடுந்தொலைவு வைஃபை வழியாக இணைத்தது. ஓர் இணைப்பின் நீளம் 15 கிலோமீட்டர். அருகலை என்று பெயர் பெற்ற அலை, திசைமுக வானலைக் கம்பங்களின் துணையால் ஊர்விட்டு ஊர் சென்றது. சிற்றூரில் அமர்ந்திருக்கும் நோயாளி, தேனியில் உள்ள மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசினார்.

இணைப்பை அமைப்பதைவிட அதனைப் பேணுவதே கடினம் என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். மின்னழுத்த ஏற்ற இறக்கம் கருவிகளைப் பழுதாக்கியது. கம்பி கழன்றதா, மின்சாரம் இல்லையா, அலை தடைப்பட்டதா என்று பிரித்துச் சொல்ல அங்கிருந்தோர்க்குப் பயிற்சி இல்லை. ஆய்வாளர்கள் ஒவ்வொரு கருவியும் தன் நிலையைத் தானே அமெரிக்கக் கணினிக்கு அறிவிக்கும்படி செய்தனர். மின்சாரத்தைச் சீர்செய்யும் கருவிகளை அமைத்தனர். இவற்றோடு, உள்ளூர்ப் பணியாளருக்குப் பழுதறியப் பயிற்சி அளித்தனர். 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரை, சோதனைத் திட்டம் நிலைத்த திட்டமாவதற்கு அப்பயிற்சி இன்றியமையாதது என்று காட்டுகிறது. தொலைநிர்வாகம் எவ்வளவு சிறந்ததாயினும், கம்பத்தின் அடியில் நின்று “விளக்கு எரிகிறது, ஆனால் கம்பி கழன்றுள்ளது” என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அவ்வூரில் இருக்க வேண்டியிருந்தது.

6. நம் பள்ளிகளின் முன் உள்ள பணி

நம் நாட்டில் 1992இல் ஜாரிங் வழியாக இணையச் சேவை தொடங்கியது. 1999 ஏப்ரலில் தொடர்பு, பல்லூடகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் ‘1பெஸ்தாரிநெட்’ திட்டம், தமிழ்ப்பள்ளிகள் உட்பட ஏறத்தாழ 10,000 பள்ளிகளை ஒரே சேவையின் கீழ்க் கொண்டுவர முனைந்தது. 2019இல் அது முடிவுற்றது. அதன்பின் வேறு ஏற்பாடுகள் வந்தன. சேவை வழங்குநர் மாறலாம், திட்டத்தின் பெயர் மாறலாம். நடுவண் நிர்வாகம் என்னும் முறை இனி மாறப்போவதில்லை. அது மாற வேண்டும் என்று நாமும் கூறவில்லை. 150 மாணவருக்கும் குறைவான சிறிய பள்ளியில் தனி வலையமைப்பு வல்லுநரை அமர்த்த இயலாது. அத்தகைய பள்ளிக்குத் தொலைவிலிருந்து கிடைக்கும் பராமரிப்பு பெருந்துணையே.

நாம் வேண்டுவது, அருகில் நிற்க வேண்டிய அறிவு அருகில் நிற்பது. பள்ளியில் ஓர் ஆசிரியரும் சில மூத்த மாணவரும் நான்கு செய்திகளை எழுதிவைக்கலாம். சுவரில் உள்ள பெட்டிகள் எத்தனை, அவை எங்கெங்கே உள்ளன? அவை ஒலிக்கும் பெயர்கள் எத்தனை, யார் யாருக்கு உரியவை? அவற்றை ஆளும் கட்டுப்படுத்தி யாருடைய பொறுப்பில் உள்ளது, பழுதானால் யாரிடம் எவ்வாறு கேட்பது? கடைசியாக, இணைப்பு அறும்போது பழுது மின்சாரத்திலா, கம்பியிலா, அலையிலா, தொலைவில் உள்ள ஆட்சியிலா? இந்நான்கையும் அறிந்தவர் உதவி மையத்தை அழைக்கும்போது, கேட்கும் முறையே வேறாக இருக்கும்.

இதில் மொழிக்கும் பங்குண்டு. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் கூட்டிய தமிழ் இணைய மாநாட்டிலும், 2001இல் கோலாலம்பூரில் நடந்த மாநாட்டிலும் கூடியோர் எழுத்துருவும் விசைப்பலகையும் வகுக்கப் போராடினர். மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கியிருந்தார். தமிழ் கணினியில் நிலைபெற்றது, உரிய நேரத்தில் உரிய அவையில் நம்மவர் இருந்ததால். ‘தமிழ்ப்பள்ளி’ என்னும் சொல் 32 பைட்டுக்குள் அடங்காமற் போனது, தரம் வகுத்த அவையில் நம் எழுத்தை அறிந்தோர் குரல் எழாததால். இன்று இங்கே அமர்ந்திருக்கும் மாணவருள் சிலர், நாளை அத்தகைய அவைகளில் அமரக்கூடும். அவர்கள் அணுகுபுள்ளி, கட்டுப்படுத்தி, மெய்நிகர் என்னும் சொற்களைப் பொருளறிந்து கற்க வேண்டும். பழுதைத் தம் மொழியில் பகுத்துரைக்கப் பழகியவர்க்கே அதன் காரணம் விரைவில் புலப்படும்.

அவ்வாசிரியரின் கேள்விக்கு நம் விடை இதுவே. பெட்டியை ஆள்பவர் தொலைவில் இருக்கலாம். அவர் யார் என்று கேட்டு அறிந்து, பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பதற்கு யார் இசைவும் வேண்டியதில்லை. நாளைக் காலை பள்ளி திறந்ததும் அதனைத் தொடங்கலாம்.